எச்.ஐ.வி. கூட்டு மருந்தைத் தொடங்கும் முன்: பாதுகாப்பு குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எச்.ஐ.வி. தொற்று உறுதியான அனைவருக்கும், சிடி4 எனப்படும் நோய் எதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கை எதுவாக இருந்தாலும், கூட்டு மருந்து தர வேண்டும் என்பது 2017 முதல் இந்திய அரசின் கொள்கை. கூட்டு மருந்து வழங்கும் அரசு ஏ.ஆர்.டி. மையங்களில் இப்போது பெரும்பாலானோருக்கு முதலில் தரப்படுவது டி.எல்.டி. எனப்படும் மாத்திரை. டெனோஃபோவிர் 300 மி.கி., லாமிவுடின் 300 மி.கி., டோலுடெக்ராவிர் 50 மி.கி. ஆகிய மூன்று மருந்துகளும் அந்த ஒரே மாத்திரையில் உள்ளன; நாளொன்றுக்கு ஒன்று போதும். கீழுள்ள பதில்கள் இந்த மாத்திரையைத் தொடங்கவிருக்கும், 30 கிலோவும் அதற்கு மேலும் எடையுள்ளவர்களுக்காக எழுதப்பட்டவை. குழந்தைகளுக்கான அளவும் மருந்தும் வேறு. உங்கள் உடல்நிலைக்கு எது பொருந்தும் என்பதை முடிவு செய்ய வேண்டியவர் உங்கள் ஏ.ஆர்.டி. மருத்துவரே.

மருத்துவரிடம் முதல் நாளே என்னென்ன சொல்ல வேண்டும்?

வீட்டில் நீங்கள் சாப்பிட்டு வரும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய் மேசைமேல் வைப்பதே மிகச் சிறந்த வழி. பெயரைச் சொல்ல முயன்றால் 'சர்க்கரை மாத்திரை', 'வாயு மாத்திரை', 'சத்து மாத்திரை' என்றுதான் வரும்; அவற்றில் சில இந்தக் கூட்டு மருந்தோடு மோதக்கூடியவை என்பது அட்டையைப் பார்த்தால்தான் தெரியும். சித்த மருந்துச் சூரணம், லேகியம், பற்பம் எதையும் விட்டுவிட வேண்டாம்.

அத்துடன், சிறுநீரகக் கோளாறு, மஞ்சள் காமாலை, வலிப்பு, சர்க்கரை நோய், மனச்சோர்வு ஆகியவற்றில் ஏதேனும் முன்பு இருந்ததா, இப்போது இருக்கிறதா என்பதைச் சொல்ல வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமலோ காய்ச்சலோ இருக்கிறதா, எடை குறைந்திருக்கிறதா, இரவில் வியர்க்கிறதா என்று அவரே கேட்பார். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர் என்றால் அதையும் சொல்லிவிடுங்கள். ஏனெனில் சிடி4 குறைவாக உள்ளவர்களுக்குக் கூட்டு மருந்தோடு கோட்ரைமாக்சசோல் என்னும் சல்ஃபா மாத்திரையும் தரப்படும்.

பலர் மறைக்கும் ஒரு தகவல் உண்டு. முன்பே வேறு ஊரிலோ தனியார் மருத்துவமனையிலோ கூட்டு மருந்து சாப்பிட்டு இடையில் நிறுத்தியிருப்பார்கள். கேட்டால் திட்டுவார்களோ என்று அஞ்சிப் புதிதாக வருபவர்போலச் சொல்லிக்கொள்வார்கள். பழைய மருந்துக்கு வைரஸ் எதிர்ப்புத்திறன் பெற்றிருந்தால் புதிய மாத்திரையில் உள்ள மூன்று மருந்துகளில் ஒன்றோ இரண்டோ வேலை செய்யாமல் போகக்கூடும். திட்டு வாங்கினாலும் சொல்லிவிடுவதே நல்லது.

எல்லாப் பரிசோதனை முடிவுகளும் வந்த பிறகுதான் மருந்தைத் தொடங்க வேண்டுமா?

அப்படியில்லை. ஹீமோகுளோபின், சிறுநீரகம் வெளியேற்றும் கழிவுப்பொருளான கிரியாட்டினின், கல்லீரல் பரிசோதனை, ரத்தச் சர்க்கரை, ஹெபடைடிஸ் பி மற்றும் சி, சிடி4 ஆகியவற்றுக்கு ரத்தம் எடுப்பார்கள். சிறுநீரையும் தேவைப்பட்டால் மார்பு எக்ஸ்ரேயையும் பார்ப்பார்கள். ஆனால் நோயாளி மனத்தளவில் தயாராக இருந்து, ஆபத்தான அறிகுறி ஏதும் இல்லாதிருந்தால், தொற்று உறுதியான 7 நாட்களுக்குள், முடிந்தால் அதே நாளிலேயே தொடங்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். சிடி4 முடிவுக்காக மாதக்கணக்கில் காத்திருந்த காலம் போய்விட்டது.

இதற்கு முக்கியமான விதிவிலக்கு மூளைக்காய்ச்சல் ஆகும். விடாத தலைவலி, வாந்தி, கழுத்து இறுக்கம், குழப்பமான பேச்சு, இரட்டைப் பார்வை இவற்றில் எது இருந்தாலும், கூட்டு மருந்தை அவசரமாகத் தொடங்குவது உயிருக்கே ஆபத்தாகலாம். கிரிப்டோகாக்கஸ் என்னும் பூஞ்சையால் வரும் மூளைக்காய்ச்சல் என்று தெரிந்தால், முதலில் பூஞ்சைக்கான சிகிச்சையைக் கொடுத்துவிட்டு, 4 முதல் 6 வாரங்கள் கழித்தே கூட்டு மருந்து தொடங்கப்படும். 'தலைவலிதானே, டீ குடித்தால் போய்விடும்' என்று இதை மட்டும் சொல்லாமல் விடக் கூடாது.

ஆய்வகச் சீட்டில் கிரியாட்டினின் 1.1, இயல்பு என்று அச்சிட்டிருக்கிறது. பிறகு ஏன் மருத்துவர் வயதையும் எடையையும் கேட்கிறார்?

டெனோஃபோவிர் சிறுநீரகம் வழியாக வெளியேறும் மருந்து. சிலருக்கு அது சிறுநீரகக் குழாய்களைப் பாதிக்கும். ஆகவே சிறுநீரகம் நிமிடத்துக்கு எத்தனை மில்லி ரத்தத்தைச் சுத்திகரிக்கிறது என்பதே இங்கு முக்கியம். அது 50-க்குக் கீழே இருந்தால் பொதுவாக இந்த மருந்தைத் தவிர்ப்பார்கள். கிரியாட்டினின் எண் ஒன்றை மட்டும் பார்த்து இதைச் சொல்ல முடியாது.

கணக்கு எளிது. 140-லிருந்து வயதைக் கழித்து, எடையால் பெருக்கி, அதை 72 பெருக்கல் கிரியாட்டினினால் வகுக்க வேண்டும். பெண்களுக்கு வரும் விடையை 0.85-ஆல் பெருக்க வேண்டும். 30 வயது, 70 கிலோ எடையுள்ள ஓர் ஆணுக்கு கிரியாட்டினின் 1.1 என்றால் விடை ஏறக்குறைய 97, கவலையில்லை. அதே 1.1, 55 வயதான, மெலிந்து 42 கிலோவுக்கு வந்துவிட்ட ஒரு பெண்ணுக்கு இருந்தால் விடை 38 மட்டுமே. இருவரின் சீட்டிலும் ஒரே எண்தான் இருக்கிறது. ஒருவருக்கு டெனோஃபோவிர் தரலாம், மற்றவருக்குத் தரக் கூடாது. மையத்தில் எடை பார்க்கும்போது செருப்பைக் கழற்றச் சொல்வது வெறும் சம்பிரதாயம் அல்ல.

சிறுநீரகம் தாங்காது என்று தெரிந்தால் பெரும்பாலும் டெனோஃபோவிருக்குப் பதிலாக அபகாவிர் தரப்படும். அபகாவிருக்கு வேறொரு எச்சரிக்கை உண்டு: தொடங்கிய முதல் 6 வாரங்களுக்குள் காய்ச்சல், தோல் தடிப்பு, வாந்தி, மூச்சுத்திணறல் ஆகியவை சேர்ந்து வந்தால் அது ஒவ்வாமையாக இருக்கலாம். உடனே மையத்துக்குப் போக வேண்டும். அபகாவிர் ஒவ்வாமை என்று மருத்துவர் முடிவு செய்து நிறுத்திவிட்டால், அதன்பின் வாழ்நாளில் ஒருபோதும் அந்த மருந்தைத் திரும்பத் தொடக் கூடாது. இரண்டாம் முறை வரும் ஒவ்வாமை உயிரைப் பறிக்கக்கூடியது.

மருந்து தொடங்கிய பிறகு கிரியாட்டினின் சற்று ஏறிவிட்டது. சிறுநீரகம் கெட்டுவிட்டதா?

முதல் நான்கு வாரங்களில் 0.1 அல்லது 0.2 அளவுக்கு ஏறி அங்கேயே நின்றுவிட்டால், அது டோலுடெக்ராவிரின் வேலை. சிறுநீரில் கிரியாட்டினின் வெளியேறும் ஒரு வழியை அது அடைக்கிறது. சிறுநீரகத்தின் சுத்திகரிக்கும் திறன் குறைவதில்லை. தொடர்ந்து ஏறிக்கொண்டே போனாலோ, சிறுநீரில் புரதம் வந்தாலோ அது வேறு விஷயம். டெனோஃபோவிரைச் சந்தேகிக்க வேண்டும்.

மூட்டுவலிக்கு மெடிக்கல் கடையில் செட் மாத்திரை வாங்கிச் சாப்பிடும் பழக்கம் உண்டு. அதைத் தொடரலாமா?

வேண்டாம். அந்தக் காகிதப் பொட்டலத்தில் பெரும்பாலும் டைக்ளோஃபினாக், ஐபுபுரோஃபென் போன்ற வலி மாத்திரை ஒன்றாவது இருக்கும். சில வேளை இரண்டு இருக்கும். இவை டெனோஃபோவிரோடு சேரும்போது சிறுநீரகம் திடீரெனச் செயலிழக்கும் அபாயம் கூடுகிறது, குறிப்பாக வயதானவர்களுக்கும், வயிற்றுப்போக்கால் உடலில் நீர் வற்றியவர்களுக்கும். பெயர் தெரியாத மாத்திரையை யாரும் சாப்பிடக் கூடாது என்பது பொது விதி. கூட்டு மருந்து எடுப்பவருக்கு அது இன்னும் கண்டிப்பான விதி. காய்ச்சலுக்கும் சாதாரண வலிக்கும் சரியான அளவில் பாராசிட்டமால் போதும். நாள்பட்ட வலி என்றால் ஏ.ஆர்.டி. மருத்துவரையே கேளுங்கள்.

காசநோய்க்கும் மருந்து சாப்பிடுகிறேன். இரண்டையும் ஒன்றாகச் சாப்பிடலாமா?

சாப்பிடலாம், சாப்பிடவும் வேண்டும். ஆனால் அளவை மாற்ற வேண்டும். காசநோய் மருந்தில் உள்ள ரிஃபாம்பிசின், டோலுடெக்ராவிரைக் கல்லீரல் வேகமாகச் சிதைத்துவிடும்படி செய்கிறது. அதை ஈடுகட்ட, டி.எல்.டி. மாத்திரை சாப்பிட்ட 12 மணி நேரம் கழித்து டோலுடெக்ராவிர் 50 மி.கி. தனி மாத்திரை ஒன்று கூடுதலாகத் தரப்படும். ரிஃபாம்பிசின் முடிந்தவுடன் இதை நிறுத்திவிடக் கூடாது. மேலும் இரண்டு வாரங்கள் தொடர வேண்டும். ஏனெனில் ரிஃபாம்பிசினின் விளைவு உடலிலிருந்து மறைய அவ்வளவு காலம் ஆகிறது. காசநோய் மாத்திரை ஓரிடத்திலும் கூட்டு மருந்து வேறிடத்திலும் வாங்குபவர்களுக்கு இந்தக் கூடுதல் மாத்திரை விடுபட்டுப்போவது உண்டு. இரண்டு இடங்களிலும் இரண்டு சீட்டுகளையும் காட்டுங்கள்.

எதை முதலில் தொடங்குவது என்பதிலும் ஒழுங்கு உண்டு. காசநோய் மருந்தை முதலில் தொடங்கி, அது ஒத்துக்கொள்கிறதா என்று பார்த்து, இரண்டு வாரங்களுக்குள் கூட்டு மருந்தைத் தொடங்குவது வழக்கம். காசநோய் மூளையுறையைத் தாக்கியிருந்தால் இன்னும் தாமதிப்பார்கள்.

கண்டுபிடிக்கப்படாத காசநோய் உடலில் ஒளிந்திருக்கும்போது கூட்டு மருந்தைத் தொடங்கினால் என்ன ஆகும் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். சில வாரங்களில் நோய் எதிர்ப்பு ஆற்றல் மீண்டெழுந்து, அதுவரை கண்டுகொள்ளாமல் விட்ட கிருமியை மூர்க்கமாகத் தாக்கத் தொடங்கும். காய்ச்சல் ஏறும், கழுத்தில் நெறிகட்டும், மூச்சு வாங்கும். மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று எண்ணிப் பலர் இந்தக் கட்டத்தில்தான் நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தாமல் மையத்துக்குப் போனால் இதைச் சமாளிக்க வழியுண்டு.

சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுக்கிறேன். ஏதேனும் மாற்றம் தேவையா?

டோலுடெக்ராவிர், மெட்ஃபார்மின் உடலிலிருந்து வெளியேறுவதைத் தடுத்து, ரத்தத்தில் அதன் அளவைக் கணிசமாகக் கூட்டுகிறது. எனவே ஒரு நாளில் மொத்த மெட்ஃபார்மின் 1000 மி.கி.-க்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வது வழக்கம். இங்கேதான் சிக்கல். பல சர்க்கரை மாத்திரைகள் கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த கூட்டு மாத்திரைகள். பெட்டியின் பெயரில் மெட்ஃபார்மின் என்று இருக்காது, அட்டையின் பின்புறத்தில் சிறிய எழுத்தில் இருக்கும். 1000 மி.கி. மெட்ஃபார்மின் கொண்ட அத்தகைய மாத்திரையைக் காலையும் இரவும் சாப்பிடுபவர், தமக்கே தெரியாமல் நாளுக்கு 2000 மி.கி. எடுத்துக்கொண்டிருப்பார். நீங்களாகக் குறைக்க வேண்டாம். சர்க்கரை மருத்துவரிடம் அட்டையைக் காட்டி மாற்றி எழுதி வாங்குங்கள். டோலுடெக்ராவிர் தொடங்கிய பின் சிலருக்குச் சர்க்கரை புதிதாக ஏறுவதும் உண்டு. அதிகத் தாகம், அடிக்கடி சிறுநீர், காரணமில்லாத எடை குறைவு இருந்தால் ரத்தச் சர்க்கரையைப் பார்த்துவிட வேண்டும்.

நெஞ்செரிச்சலுக்கான மருந்து, இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம் மாத்திரை இவற்றை எப்போது சாப்பிடுவது?

இவற்றிலுள்ள உலோகங்கள் வயிற்றில் டோலுடெக்ராவிரைப் பற்றிக்கொண்டு, அது ரத்தத்தில் சேராமல் செய்துவிடும். ஜெலூசில், டைஜீன் போன்றவற்றில் அலுமினியமும் மெக்னீசியமும் உள்ளன. இவற்றைச் சாப்பிடுவதற்கு 2 மணி நேரம் முன்போ, சாப்பிட்டு 6 மணி நேரம் கழித்தோதான் கூட்டு மருந்தை எடுக்க வேண்டும். பாண்டோபிரசோல், ஒமிப்பிரசோல் ஆகியவற்றுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை.

இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கு ஒரு சலுகை உண்டு: உணவோடு சேர்த்து எடுத்தால் கூட்டு மருந்தையும் அவற்றையும் ஒரே நேரத்தில் சாப்பிடலாம். வெறும் வயிற்றில் என்றால் மேற்சொன்ன 2 மணி, 6 மணி இடைவெளி இவற்றுக்கும் பொருந்தும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்பு, கால்சியம் மாத்திரைகள் வாங்கும் கர்ப்பிணிகள் இதைக் குறித்துவைத்துக்கொள்ள வேண்டும்.

சித்த மருந்து சாப்பிடுபவர்களிடம் இதை யாரும் சொல்வதில்லை என்பதால் இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது. சங்கு பற்பம் சுண்ணாம்புச் சத்து கொண்டது, அயச்செந்தூரம் இரும்பு. பெயர் வேறாக இருந்தாலும் கால்சியம் மாத்திரைக்கும் இரும்பு மாத்திரைக்கும் கடைப்பிடிக்கும் அதே எச்சரிக்கையை இவற்றுக்கும் கடைப்பிடிப்பதே அறிவுடைமை. இரசகந்தி மெழுகு போன்ற பாதரசம் சேர்ந்த மருந்துகளை, டெனோஃபோவிர் எடுத்துக்கொண்டிருக்கும் சிறுநீரகத்தின்மேல் மேலும் சுமத்தக் கூடாது. எச்.ஐ.வி.யை அடியோடு குணப்படுத்துவதாக விளம்பரம் செய்பவர்களைப் பொறுத்தவரை பதில் சுருக்கமானது: அப்படிப்பட்ட மருந்து எதுவும் இல்லை.

வலிப்புக்கு மாத்திரை எடுப்பவர்கள்?

ஃபெனிடோயின், ஃபீனோபார்பிட்டோன் இரண்டும் டோலுடெக்ராவிரின் அளவைக் குறைத்துவிடும் என்பதால் தவிர்க்கப்பட வேண்டியவை. கார்பமாசெபின் எடுப்பவருக்கு டோலுடெக்ராவிரை நாளுக்கு இரு முறை தர வேண்டியிருக்கும். வலிப்பு மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரும். ஆகவே இரு மருத்துவர்களும் பேசி, வேறு மருந்துக்குப் படிப்படியாக மாற்ற வேண்டும்.

ஹெபடைடிஸ் பி பரிசோதனை எதற்கு?

டெனோஃபோவிரும் லாமிவுடினும் எச்.ஐ.வி.யை மட்டுமல்லாமல் ஹெபடைடிஸ் பி வைரஸையும் அடக்குபவை. இரண்டு தொற்றும் உள்ளவருக்கு இது ஒரு மாத்திரையில் கிடைக்கும் இரட்டை நன்மை. அதே காரணத்தால், அவர் மாத்திரையை நிறுத்தினால் அடங்கியிருந்த ஹெபடைடிஸ் பி சீறி எழுந்து, கல்லீரல் செயலிழக்கும் அளவுக்குப் போகலாம். முதலிலேயே தெரிந்திருந்தால், பின்னொரு நாள் சிறுநீரகக் காரணத்துக்காக டெனோஃபோவிரை மாற்ற நேரும்போது, லாமிவுடினை மட்டும் ஹெபடைடிஸுக்கு நம்பியிருக்காமல் வேறு மருந்தைச் சேர்க்க மருத்துவரால் திட்டமிட முடியும்.

கர்ப்பமாக இருக்கிறேன், அல்லது குழந்தை வேண்டும் என்றிருக்கிறோம். டோலுடெக்ராவிர் குழந்தையைப் பாதிக்கும் என்று கேள்விப்பட்டேனே?

அந்தப் பயத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 2018-இல் ஆப்பிரிக்காவின் போட்ஸ்வானாவில் நடந்துவந்த ஆய்வொன்றில், கருத்தரித்தபோதே டோலுடெக்ராவிர் எடுத்துக்கொண்டிருந்த தாய்மார்களின் 426 பிரசவங்களில் 4 குழந்தைகளுக்கு மூளை, தண்டுவடக் குறைபாடு காணப்பட்டது. உலகெங்கும் எச்சரிக்கை விடப்பட்டது; பல நாடுகளில் இளம் பெண்களுக்கு இந்த மருந்தைத் தரத் தயங்கினார்கள். ஆய்வு தொடர்ந்து பிரசவங்களின் எண்ணிக்கை ஆயிரக்கணக்காகப் பெருகியபோது அந்த விகிதம் சரிந்தது. மற்ற மருந்துகள் எடுத்த தாய்மாரோடு ஒப்பிட்டால் வேறுபாடு மறைந்துபோனது. 2019-லேயே உலக சுகாதார நிறுவனம் கர்ப்பிணிகள், கருத்தரிக்கும் வயதுடைய பெண்கள் உட்பட அனைவருக்கும் இதைப் பரிந்துரைத்துவிட்டது. எச்சரிக்கை பரவிய வேகத்தில் அது நீங்கிய செய்தி பரவவில்லை என்பதுதான் வருத்தம்.

கர்ப்ப காலத்தில் உண்மையான ஆபத்து மருந்தை எடுக்காமல் இருப்பதில் உள்ளது. தாயின் வைரஸ் அளவு கண்டறிய முடியாத நிலைக்கு இறங்கியிருந்தால் குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பு மிகமிகக் குறைந்துவிடுகிறது. குழந்தை வேண்டும் என்பவர்கள் ஃபோலிக் அமில மாத்திரையை முன்கூட்டியே தொடங்குவது, எச்.ஐ.வி. இருந்தாலும் இல்லாவிட்டாலும், நல்லது.

என் உறவினருக்கு இந்த மருந்தால் கன்னம் ஒட்டி, கால் மரத்துப்போனது. எனக்கும் அப்படி ஆகுமா?

அவர் சாப்பிட்டது பெரும்பாலும் ஸ்டாவுடினாக இருந்திருக்கும். இந்தியாவில் இலவசக் கூட்டு மருந்து 2004 ஏப்ரல் 1 அன்று தொடங்கியபோது தரப்பட்டவற்றில் அதுவும் ஒன்று. கன்னத்துக் கொழுப்பு கரைவதும் பாதம் எரிந்து மரத்துப்போவதும் அதன் அடையாளங்கள். சிடோவுடின் சிலருக்கு ரத்தசோகையையும், நெவிரபின் கடுமையான தோல் கொப்புளத்தையும் கல்லீரல் பாதிப்பையும், எஃபாவிரென்ஸ் தலைச்சுற்றலையும் கெட்ட கனவுகளையும் தந்தன. டி.எல்.டி. மாத்திரையில் இந்த நான்கில் எதுவும் இல்லை.

அப்படியானால் இந்த மாத்திரைக்குப் பக்கவிளைவே இல்லையா?

உண்டு. முதல் சில வாரங்களில் தலைவலி, குமட்டல், வயிற்றுப்போக்கு, தூக்கமின்மை வரலாம். பெரும்பாலும் தானே தணியும். தூக்கம் கெட்டால் மாத்திரையை இரவிலிருந்து காலைக்கு மாற்றிக்கொள்ளலாம். எடை கூடுவது பலருக்கு உண்டு. மெலிந்துபோய் வந்தவருக்கு அது மகிழ்ச்சி, ஏற்கெனவே பருமனாக இருப்பவருக்கு அல்ல. மனச்சோர்வு ஏற்கெனவே உள்ளவர்களுக்கு அது கூடுகிறதா என்று வீட்டிலிருப்பவரும் கவனிக்க வேண்டும். தற்கொலை எண்ணம் எழுந்தால் அன்றே உதவி தேட வேண்டும்.

காய்ச்சலோடு தோல் தடிப்பு, வாய்ப்புண், முகவீக்கம், கண்ணில் மஞ்சள், மூச்சு வாங்குதல், விடாத வாந்தியோடு கடும் சோர்வு ஆகியவற்றில் எது வந்தாலும் அடுத்த மாத்திரைத் தேதிவரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மது அருந்தலாமா?

இந்த மாத்திரைக்கும் மதுவுக்கும் நேரடி மோதல் இல்லை. குடித்த இரவில் மாத்திரை மறந்துபோவதும், ஹெபடைடிஸ் உள்ள கல்லீரல் மேலும் கெடுவதும்தான் பிரச்சினை. 'இன்று குடித்துவிட்டேன், அதனால் மாத்திரை வேண்டாம்' என்று விடுவது தவறு. அன்றும் போட வேண்டும்.

கணவருக்கும் இதே மாத்திரைதான். அவருடையதை நானும் சாப்பிடலாமா?

கூடாது. அவருடைய சிறுநீரகமும் எடையும் மற்ற மருந்துகளும் உங்களுடையவை அல்ல. தொற்று இல்லாத ஒருவர், ஆபத்தான தொடர்புக்குப் பிறகு துணையின் டப்பாவிலிருந்து எடுத்துப் போட்டுக்கொள்வதும் சரியல்ல. அவர் 72 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குச் சென்றால், பரிசோதித்துவிட்டு 28 நாட்களுக்கான தடுப்பு மருந்தை முறையாகத் தருவார்கள்.

பெயர் தெரியாமலிருக்க மாத்திரைகளை வேறு டப்பாவுக்கு மாற்றி வைக்கலாமா?

மாற்றாமல் இருப்பதே நல்லது. அந்த டப்பாவுக்குள் ஈரத்தை உறிஞ்சும் சிறு பொட்டலம் இருக்கிறது, திறந்த பாத்திரத்திலோ காகிதத்திலோ மாத்திரை நமத்துவிடும். யார் கண்ணிலும் படக் கூடாது என்றால் டப்பாவின் மேல் ஒட்டிய தாளைக் கிழித்துவிட்டு, மருந்தின் பெயரையும் காலாவதித் தேதியையும் தனியே குறித்து வைத்துக்கொள்ளலாம். அடுப்பங்கரை, ஓட்டு வீட்டின் பரண், வண்டியின் பெட்டி ஆகியவை வெயில் காலத்தில் உகந்த இடங்கள் அல்ல.

ஒரு வேளை மறந்துவிட்டால்?

நினைவு வந்தவுடன் சாப்பிடுங்கள். அடுத்த வேளைக்கு 4 மணி நேரமே இருந்தால் மறந்ததை விட்டுவிட்டு அடுத்ததை உரிய நேரத்தில் எடுங்கள். இரண்டாகச் சேர்த்துப் போட வேண்டாம்.

பல் மருத்துவர், கண் மருத்துவர் என்று போகும் இடத்திலெல்லாம் இதைச் சொல்ல வேண்டுமா?

புதிதாக மருந்து எழுதித் தரும் எவரிடமும், நீங்கள் எடுக்கும் மருந்தின் பெயரைச் சொல்வது உங்கள் பாதுகாப்புக்கு நல்லது. தயக்கம் புரிகிறது, ஆனால் முதல் மருந்து பலனளிக்காமல் பின்னாளில் ரிட்டோனாவிர் கலந்த இரண்டாம் நிலை மருந்துக்கு மாறியவர்களுக்கு இது உயிர் சம்பந்தப்பட்டது. ஒற்றைத் தலைவலிக்குத் தரும் எர்கோட்டமின் அதனோடு சேர்ந்தால் கை கால்களுக்கு ரத்த ஓட்டமே தடைபடலாம். கொழுப்பைக் குறைக்கும் சிம்வாஸ்டாட்டினும் அதனோடு கூடாது.

2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ள எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம், 2017-இன்படி, உங்கள் ஒப்புதல் இல்லாமல் உங்கள் நிலையை வெளியிடுவதும், அதைக் காரணம் காட்டிச் சிகிச்சை மறுப்பதும் சட்டவிரோதம். வெளியே சொல்ல இயலாத நிலையில், ஏ.ஆர்.டி. மைய மருந்தாளுநரிடம் புதிய மருந்துச் சீட்டைக் காட்டி, சாப்பிடும் முன் கேட்டுக்கொள்ளலாம். எந்த மையம் அருகில் இருக்கிறது என்பதை எச்.ஐ.வி. ஆலோசனையும் பரிசோதனையும் தரும் நம்பிக்கை மையத்திலோ, 1097 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணிலோ கேட்டறியலாம்.